என் தம்பிக்கு எதிராக ஒரு கை

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அம்மா, ரெண்டு பேரும் சரியில்லை. மாமாவும் சரியில்லை, டீச்சரும் சரியில்லை. நான் வரேல்லை" என்றாய். அதே மூச்சில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாய். கத்தரிக்காய்ப் பால்கறி என்று சொல்லிவிட்டு நானும் வைத்துவிட்டேன். எனக்குத் தொலைபேசியில் நீளமாகக் கதைக்க வராது. அப்பா பின்னால் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். நீ கலியாணம் கட்டி லண்டனின் மறுகோடியில் குரோய்டனுக்குக் குடிபோன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. புத்திமதி சொல்லப்போகிறேன் என்று பயந்துவிடாதே. கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கிங்ஸ்பரித் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிற இரண்டு பேரிலும் குறை இருக்கிறது. உன் ரவி மாமா என் கூடப்பிறந்த தம்பி. அவன் மனமும் எனக்குத் தெரியும், வாயும் தெரியும். சங்கக் கட்டடத்தின் மேல் மாடியை, ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் தங்குவதற்குத் திறந்துவிடுவேன் என்று சிலருக்குச் சொல்லியிருக்கிறான். அதே மாடியை வயதுபோனவர்கள் பகலில் கூடியிருக்கத் தருவேன் என்று வேறு சிலருக்குச் சொல்லியிருக்கிறான். மிருதங்க வகுப்புக்கும் அதே மாடிதான். கடைக்குள் அரிசி வாங்க வருகிற ஒருவரையும் அவன் மனம் நோக அனுப்பமாட்டான். கேட்டவருக்கெல்லாம் ஓம்.

புவனா டீச்சர் அதற்கு நேர்மாறு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை இத்தனை வருடமாக ஒரு கிழமை தவறாமல் நடத்துகிறவர், ஒழுங்கில் குறை சொல்ல ஏலாது. ஆனால் வாயைத் திறந்தால் தேள் கொட்டின மாதிரி இருக்கும். பிந்தி வந்த ஒரு பிள்ளையின் தாயை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசினார். ஷிப்ட் முடிந்து பஸ் மாறி ஓடி வந்த அந்த மனுஷி அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அதற்காக நான் டீச்சரோடு சண்டை பிடித்தேன். இன்றுவரை இருவரும் நேரே பார்த்துச் சிரிப்பதில்லை. கூரை ஒழுகுகிறது, முதலில் கூரை, அது முடியும்வரை மேல் மாடி ஒருவருக்கும் இல்லை என்பது அவருடைய பேச்சு. கேட்டவருக்கெல்லாம் இல்லை.

இதில் யாருக்கென்று கை தூக்குவது என்று நீ அலுத்துக்கொள்வது எனக்கு விளங்குகிறது. நானும் ஒருமுறை அப்படி அலுத்துப்போய்க் குசினிக்குள் அடுப்படியில் புகுந்துகொண்டவள்தான். அந்தக் கதையை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. ரவி மாமா அந்தக் காலத்தில் பேர்மிங்காமில் வேலை கிடைத்துப் போனார் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். வேலை கிடைத்துப் போகவில்லை, ராசா. என்னோடு கோபித்துக்கொண்டு போனான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம், உனக்கு நினைவிருக்கும். நீ கட்டிலில், நாங்கள் நிலத்தில். இன்னொரு ஆள் வந்து படுத்தால் எல்லோரையும் அறையை விட்டு எழுப்பிவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அந்த நேரம் பார்த்துத்தான் ரவி வந்து இறங்கினான். இருபது வயது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று அகதி மனுக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு இரவு தலை சாய்க்க இடமில்லை. சங்கக் கட்டடத்தின் மேல் மாடியில் அவனைப் போன்ற பெடியன்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். அவனும் போய் அவர்களோடு படுத்தான். அந்த இடத்தைக் கொடுத்தவர் அப்போது தலைவராக இருந்த நடேசன் மாமா.

நடேசன் மாமா அப்பாவுக்கு மச்சான் முறை. நாங்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கிய அன்று தன் வான் வண்டியில் ஏற்றி வந்தவர் அவர்தான். எனக்கு முதல் கம்பளிக் கோட்டு வாங்கித் தந்ததும் அவர்தான். யார் என்ன கேட்டாலும் "நான் பாக்கிறன், நீ யோசியாதை" என்பார். நாம் யோசிக்காமல் விட்டால் அந்த வேலை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே போக வர ஒரே ஒரு மரப்படிக்கட்டுத்தான் இருக்கிறது, வயரிங் பழையது, இதையெல்லாம் திருத்தாமல் மேலே ஒருவரும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நடேசன் மாமா அவருக்கும் ஓம் என்றார். ஒரு வருடம் போயிற்று. ஒரு வயர்கூட மாறவில்லை.

அவரை எதிர்த்து நின்றவர் பிரான்சிஸ் அண்ணை. மன்னார்ப் பக்கத்து மனுஷன், ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவர், சிரித்து நான் கண்டதில்லை. சிலருக்கு அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்பதே பெரிய குறையாக இருந்தது. இவர் தலைவராக வந்தால் சரஸ்வதி பூசை நடக்குமா என்று குசுகுசுத்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. பூசைக்கு அவல் வாங்கி வருகிறவர் யார் என்று சரஸ்வதி பார்க்கப்போவதில்லை. எனக்கு அவரில் இருந்த கோபம் வேறு. ஒரு சனிக்கிழமை அவரே படியேறி எங்கள் அறைக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்.

"உங்கடை தம்பி மேல் மாடியிலை இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் நேரை வந்து சொல்லுறன். நான் தலைவரா வந்தால் அந்தக் கிழமையே மேல் மாடியைப் பூட்டுவன். பிறகு நான் சொல்லேல்லை எண்டு நீங்கள் சொல்லக்கூடாது."

"பூட்டினால் அந்தப் பெடியள் எங்கை போறது?" என்று கேட்டேன்.

"அதுக்கு என்னட்டை இப்ப மறுமொழி இல்லை."

அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவர் வோட்டுக் கேக்க வந்தவரோ, வேண்டாம் எண்டு சொல்ல வந்தவரோ?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழிக் குளிரில் என் தம்பியைத் தெருவில் விடுவேன் என்று என் வீட்டுக்குள் வந்து நின்று சொல்கிறார். அதற்கு நான் கை தூக்கவேண்டுமாம். நடேசன் மாமாவுக்கா தூக்குவது என்று யோசித்தால், அந்த மரப்படிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வரும். இரண்டு பேருக்கும் வேண்டாம், நான் என் பாட்டில் இருக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வசதியும் இருந்தது. அந்தக் காலத்தில் சங்கப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? தேவாரம், செயலாளர் அறிக்கை, கணக்கறிக்கை, பிறகு தலைவர் தெரிவு, அது முடிந்த கையோடு தேத்தண்ணீரும் வடையும். வடை சூடாக வரவேண்டுமானால் தெரிவு நடக்கிற நேரத்தில் பெண்கள் நாங்கள் எல்லோரும் குசினிக்குள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கவேண்டும். எங்களுக்கும் வோட்டு இருந்தது. எங்களை ஒருவரும் தடுக்கவில்லை, வடைதான் தடுத்தது. வருடா வருடம் மண்டபத்தில் கைதட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் யாரோ தலைவராகிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியவரும். நாட்டை விட்டு ஓடி வந்து, பிழைக்க இடம் தேடி, வேலை தேடி, எவ்வளவோ விஷயங்களில் உரிமை உரிமை என்று கத்தின எங்களில் ஒருத்திக்காவது இது ஒரு குறையாகத் தோன்றியதா என்றால் இல்லை. அந்த வருடம் எனக்கு அது பெரிய புண்ணியமாகப் போயிற்று. வடை சுடுகிறவளிடம் வந்து யாருக்கு வோட்டு என்று யார் கேட்கப்போகிறார்கள்?

முதல் ஈடு வெந்ததும், மேலே இருக்கிற பெடியன்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருவோம் என்று தட்டில் போட்டுக்கொண்டு படியேறினேன். அவர்கள் சங்கத்தில் அங்கத்தவர்கள் இல்லை. கீழே தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் சத்தம் போடாமல் பாய்களில் இருந்தார்கள். படி முடிகிற இடத்திலேயே மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கயிறு கட்டி சப்பாத்துக்குள் போடும் ஈர மேசுகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரே ஒரு பிளக்கிலிருந்து நாலாபக்கமும் வயர் போயிற்று. மண்ணெண்ணெய் மணம் தொண்டையைப் பிடித்தது. யன்னலைக் கொஞ்சம் திறப்போம் என்று தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

"அது திறபடாது, அக்கா" என்றான் ரவி. "குளிர் காத்து வருது எண்டு சொன்னனாங்கள். நடேசன் அண்ணை அண்டைக்கே வந்து ஆணி அடிச்சுத் தந்தவர்."

பெருமையாகத்தான் சொன்னான். நடேசன் மாமா சொன்ன அன்றே செய்து முடித்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இரக்கத்தோடு செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு மரப்படிக்கட்டு, அதன் வாயில் ஹீட்டர், இருந்த ஒரு யன்னலுக்கும் ஆணி.

"அக்கா, நடேசன் அண்ணைக்குத்தானே கை தூக்குவியள்? அவர் போனால் எங்களுக்குப் படுக்க இடமில்லை" என்றான் ரவி. வடை ஆறப்போகுது, தின்னுங்கோ என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே தெரிவு தொடங்கியிருந்தது. குசினிப் பக்கம் திரும்பவேண்டிய கால் மண்டபத்துக்குள் போய்விட்டது. கையில் வெறும் தட்டு. எல்லோரும் தேத்தண்ணீர் வருகிறதாக்கும் என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்ற நிலையில் கேட்டேன்.

"நடேசன் அண்ணை, மேலை அந்த யன்னல் ஆணியை எப்ப கழட்டுவியள்? வயரிங் எப்ப மாத்துவியள்?"

"யன்னல்தானே, தங்கச்சி? நாளைக்கே கழட்டிறன். வயரிங்கும் செய்வம். நீ யோசியாதை."

மண்டபம் ஆறுதலாக மூச்சு விட்டது. அப்பா போதும் வா என்று கண்ணைக் காட்டினார். நான் மற்றப் பக்கம் திரும்பினேன்.

"பிரான்சிஸ் அண்ணை, பூட்டினால் பெடியள் எங்கை போறது எண்டு கேட்டனான்."

"இண்டைக்கும் மறுமொழி இல்லை" என்றார் அவர். "பூட்டிப்போட்டுத்தான் தேடவேணும்."

சிலர் சிரித்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நடேசன் மாமாவோடு சண்டை பிடிக்க ஏலாது. எதற்கும் ஓம் என்கிற மனுஷனிடம் எதை வைத்துச் சண்டை பிடிப்பது? பிரான்சிஸ் அண்ணையோடு பிடிக்கலாம். இல்லை என்கிறவரை இழுத்துப் பறித்து ஒரு ஓமுக்குக் கொண்டுவந்தால் அந்த ஓம் நிலைத்து நிற்கும். இருவரில் நல்லவர் யார் என்று கேட்டால் நடேசன் மாமா என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அடுத்த நாள் காலையில் யாருடைய வாசலில் போய் நின்று மல்லுக்கட்டலாம் என்று பார்த்தபோது எனக்குப் பிரான்சிஸ் அண்ணைதான் தெரிந்தார். பெடியன்கள் படியால் இறங்கி வந்து மண்டபக் கதவடியில் நின்றார்கள், ரவியும் நின்றான். பிரான்சிஸுக்கு ஆதரவானவர்கள் என்று செயலாளர் சொன்னபோது நான் கையைத் தூக்கினேன். விரலிடுக்கில் உழுத்தம்மா காய்ந்திருந்தது.

அவர் வென்றார். எண்ணிப் பார்த்தால் என் கை இல்லாமலும் வென்றிருப்பார். ரவிக்கு அது ஒரு ஆறுதலாக இருக்கவில்லை, எனக்கும்தான். அப்பாவுக்குக் கோபம் வந்ததா என்று கேட்பாய். அவர் நடேசன் மாமாவுக்குத் தூக்கியிருந்தார். பஸ்ஸில் வரும்போது, "வீட்டிலை ஒரு வோட்டு அவருக்கு, ஒரு வோட்டு இவருக்கு. ரெண்டும் வெட்டுப்பட்டுப் போச்சு. நீர் வடையைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கலாம், நான் நித்திரை கொண்டிருக்கலாம்" என்றார். நடேசன் மாமா ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பிரான்சிஸ் அண்ணை சொன்னபடி அந்தக் கிழமையே பூட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. குசினிக்குள் நின்ற பெண்களில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அடுத்த நாளும் போனேன். நாங்கள் கொஞ்சப் பேரை எங்கள் வீடுகளுக்குப் பங்கு போட்டோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே தன் மாதா கோயில் ஆட்களிடம் கேட்டு மனோர் பார்க் பக்கத்தில் மிச்சப் பேருக்கு இடம் எடுத்தார், தன் காரிலேயே கொண்டுபோயும் விட்டார். வசந்தம் வருவதற்குள் வயரிங் மாறியது, யன்னல் திறந்தது. ரவியை மட்டும் நான் எங்கும் அனுப்பவில்லை. வீட்டுக்காரரின் காலில் விழுந்து, ஒரு மாதத்துக்கு என்று கெஞ்சி, அவனைக் கூப்பிடப் போனேன். "என்னை வெளியாலை போடச் சொல்லிக் கை தூக்கிப்போட்டு இப்ப வீட்டுக்குக் கூப்பிடுறியளோ?" என்று கேட்டான். யாரோ தெரிந்தவரைப் பிடித்துக்கொண்டு பேர்மிங்காம் போய்விட்டான். ஈரம் ஊறின அறை. அந்தக் குளிருக்குள் நெஞ்சுச் சளி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். எனக்கு அது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நீ ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மாடியில் நெருப்புப் பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நடேசன் மாமாவே தொடர்ந்து இருந்து ஒன்றும் நடக்காமல் போயிருக்கவும் கூடும். ரவி ஆஸ்பத்திரியில் கிடந்தது மட்டும் நடந்தது. நடக்காமல் போனதற்காக ஒருவரும் உன்னிடம் வந்து நன்றி சொல்லமாட்டார்கள்; நடந்ததற்குக் கணக்குக் கேட்பார்கள். கை தூக்கினவளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். சரியாகச் செய்தேனா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நிச்சயம் இல்லை. குசினிக்குள் நின்றிருந்தாலும் எனக்கு நிச்சயம் இருந்திருக்காது, அது மட்டும் நிச்சயம். நீ குரோய்டனில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் தலைவராக வரத்தான் போகிறார். அவரோடு சண்டை பிடிக்கப் போகிறபோது உனக்கு நாக்கு எழும்பாது, ராசா.

ரவி தன் கலியாணத்துக்கு அழைப்பு அனுப்பினான். போனோம், கதைத்தோம். பிறகு கிங்ஸ்பரிக்கே வந்து கடை போட்டான். உனக்குத் தெரிந்த மாமா அதற்குப் பிறகு வந்தவன்தான். எல்லாம் கதைப்போம், அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் கதைத்ததில்லை.

நேற்று வேலை முடிந்து அவன் கடைக்குப் போனேன். ஆட்கள் போகும்வரை வெங்காயம் பொறுக்குகிற மாதிரி நின்றேன். பிறகு சொன்னேன்.

"தம்பி, நான் டீச்சருக்குத்தான் கை தூக்கப்போறன். ஞாயிற்றுக்கிழமை கண்டு நீ திடுக்கிடக்கூடாது எண்டு இப்பவே சொல்லுறன்."

தராசில் இருந்த செத்தல் மிளகாயைப் பைக்குள் கொட்டினான். முகம் மாறவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டான்.

"அந்த மாடியை மூண்டு பகுதிக்கும் தாறன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறாய். ஆருக்கு இல்லை எண்டு சொல்லப்போறாய்?"

"ஒருதருக்கும் இல்லை எண்டு சொல்ல எனக்கு வராது, அக்கா. எனக்கு அப்ப ஒருக்கால் இல்லை எண்டு சொன்னவை."

மன்னிப்புக் கேட்கவேண்டும் போலவும் இருந்தது, கேட்டால் அது பொய்யாகிவிடும் போலவும் இருந்தது. ஏனென்றால் அதே யன்னலை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தால் நான் அதே கையைத்தான் தூக்குவேன். அவன்தான் திரும்பவும் பேசினான்.

"நீங்கள் அண்டைக்குக் கை தூக்கினதுகூடப் பரவாயில்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு தூக்கினியள். நான் கதவடியிலை நிண்டனான். இந்தமுறை தூக்கேக்கை என்னைப் பாத்துக்கொண்டு தூக்குங்கோ."

ஓம் என்றேன். நான் சொல்லும் ஓம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். வெங்காயத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் முன் வரிசைக் கதிரையில் இருப்பேன். வடைக்குக் கடையில் சொல்லியாயிற்று. டீச்சர் வென்றால், அந்தத் தாயை ஏசினதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி அடுத்த நாளே அவர் வாசலில் நிற்பேன். அப்பா யாருக்குத் தூக்குவார் என்று அவருக்கே தெரியாது. நீ வா. டீச்சருக்குத் தூக்குகிறாயா, மாமாவுக்குத் தூக்குகிறாயா, அது உன் பாடு. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் வந்தால் என் பக்கத்தில் இருக்காதே. நான் கை தூக்குகிற நேரம் நீ உன் மாமாவுக்குப் பக்கத்தில் போய் நில்.

அம்மா